மகளிர் சினைப்பை நோயும் உடற்பருமனும்

கடலூருக்கும் பண்ணுருட்டிக்கும் இடையே அமைந்த நெல்லிக்குப்பம் கரும்பினாற் பெயர்பெற்ற ஊராகும். 1788 ஆம் ஆண்டிற் சென்னையில் வாணிகத்தைத் தொடங்கிய பாரி நிறுவனத்தாரின் சர்க்கரை ஆலை, 19 ஆம் நூற்றாண்டு தொட்டே இவ்வூரின் அடையாளமாய் விளங்கி வருகின்றது. அரவைப் பருவம் வந்துற்றால், கரும்பேற்றிய வண்டிகள் ஆலை வாயிலை நோக்கி நிரல்நிரையாக நிற்பதை அவ்வழிச் செல்வோர் யாவரும் காணலாம். சர்க்கரையின் விலையையும் கரும்பின் விளைவையும் பற்றி இவ்வூர்த் திண்ணைகளிற் பேசப்படுவது மிகுதி. ஆயின், உண்ட சர்க்கரை நம் உடம்பினுள் எவ்வழிச் செல்கின்றது, அவ்வழி அடைபடுங்கால் இளமகளிர்க்கு என்ன கேடு நேர்கின்றது என்பன பற்றிப் பேசுவார் அரியர். அதனைத் தெளிவுற எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட நோயைப் பொதுமக்கள் 'சினைப்பை நீர்க்கட்டி' என்று வழங்குகின்றனர். உலக நலவாழ்வு நிறுவனத்தார் கணக்கின்படி, மகப்பேற்றுப் பருவத்து மகளிருள் நூற்றுக்கு 10 முதல் 13 பேர் இந்நோயுடையோர். அவருள் மிகப் பலர் தமக்கு இந்நோய் உண்டென்பதையே அறியாதவர். ஆந்திர நாட்டு அனந்தப்பூரில் விடுதிக் கல்லூரியொன்றில் தங்கிப் பயின்ற 15 முதல் 18 அகவை வரையுள்ள மாணவியரை ஆராய்ந்து 2011 இல் வெளியிடப்பட்ட அறிக்கையில், நூற்றுக்கு ஒன்பதின்மருக்குச் சற்று மேலாக இந்நோய் காணப்பட்டது. எனவே, இஃது எங்கோ அயலில் உள்ளதன்று. நம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து பயில்வாரிடத்தும் உள்ளதாகும்.

இதன் குறிகள் பல. மாதவிலக்கு 35 நாளுக்கு மேலும் தள்ளிப்போதல், ஓராண்டில் எட்டு முறைக்குக் குறைதல், அல்லது அறவே நின்றுவிடுதல் முதற் குறியாம். மேலுதட்டிலும் மோவாயிலும் மயிர் தடித்து வளர்தல், முகப்பரு ஆறாது நிலைத்தல், உச்சியிற் கூந்தல் மெலிதல் ஆகியன இரண்டாம் வகையின. பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துப் பட்டுப்போல் தடித்தல் மற்றொன்று. அதனை அழுக்கென்று கருதித் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்வாரும் உளர். அஃது அழுக்கன்று, இன்சுலின் மிகையின் அடையாளமேயாம். இவற்றோடு இடுப்பைச் சூழ எடை ஏறுதலும் பலரிடத்துக் காணப்படும்.

'நீர்க்கட்டி' என்னும் பெயரே மயக்கந் தருவது. சினைப்பையிற் காணப்படும் அச்சிறு கொப்புளங்கள் கட்டிகள் அல்ல. முதிர்ந்து வெடித்து முட்டையை வெளிவிடவேண்டிய நுண்பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிட்டமையால் உண்டான தோற்றமே அது. 2003 இல் ராட்டர்டாம் நகரிற் கூடிய அறிஞர், மாதவிலக்குப் பிறழ்ச்சி, ஆண்மைச் சுரப்பின் மிகை, சினைப்பையில் நுண்பைகள் மிகுதல் என்னும் மூன்றனுள் இரண்டு இருப்பின் இந்நோய் உண்டெனத் துணியலாம் என்று வகுத்தனர். பூப்பெய்திச் சில ஆண்டுகளே ஆன பெண்களிடத்து நுண்பைகள் இயல்பாகவே மிகுந்திருத்தலின், பூப்பெய்தி எட்டு ஆண்டு நிரம்புமுன் ஒலியலைப் படத்தை மட்டும் கொண்டு நோயெனத் துணிதல் கூடாது என்பது பிற்கால அறிஞர் கொள்கை. படத்தைக் கண்டவுடன் கலங்கும் பெற்றோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று.

இந்நோயின் வரலாறு நீண்டது. 1721 இல் இத்தாலிய மருத்துவர் வல்லிஸ்னேரி என்பார், மகப்பேறின்றிச் சற்றே பருத்திருந்த உழவர்குடிப் பெண்ணொருத்தியின் சினைப்பைகள் புறா முட்டைபோல் வெண்மையாய்ப் பளபளத்திருந்தமையைக் குறித்துவைத்தார். 1921 இல் பாரிஸ் நகரத்து அஷார், தியேர் என்னும் இருவர், முகத்தில் மயிர் வளர்ந்த மகளிரிடத்து நீரிழிவு காணப்படுதலை எடுத்துக்காட்டினர். அதே ஆண்டில்தான் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் முதலியோர் இன்சுலினைக் கண்டறிந்தனர். இவ்விரு செய்திகளும் ஒன்றோடொன்று உறவுடையன என்பது அந்நாளில் எவர்க்கும் தோன்றிற்றில்லை. 1935 இல் சிகாகோ நகரத்து ஸ்டைன், லெவந்தால் என்னும் மருத்துவர் ஏழு பெண்களை ஆராய்ந்து இந்நோயைத் தனியொரு நோயாக நிலைநாட்டினர்; சினைப்பையின் ஒரு பகுதியை அறுத்தெடுத்து மாதவிலக்கை மீளச் செய்தனர். இதனால், நோயின் வேர் சினைப்பையிலேயே உள்ளதென்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவிற்று. 1980 இல் பர்கன் முதலிய அமெரிக்க அறிஞர், இந்நோயுடையார் குருதியில் ஆண்மைச் சுரப்பு மிகுந்தவிடத்து இன்சுலினும் உடன் மிகுந்திருத்தலைக் கண்டனர். அதன் பின்னரே, அறுவைக் கத்தி தொட்ட இடம் ஒன்று, நோய் வேரூன்றிய இடம் வேறொன்று என்பது விளங்கலாயிற்று.

இனி, இன்சுலின் செய்யும் தொழிலை நெல்லிக்குப்பத்து ஆலை வாயிலையே உவமையாகக் கொண்டு விளக்குவாம். நாம் உண்ணும் சோறும் பண்டமும் செரித்துச் சர்க்கரையாகிக் குருதியிற் கலக்கின்றன. குருதியே சாலை; சர்க்கரையே கரும்பு வண்டி; தசைகளே ஆலை. ஆலையின் கதவைத் திறக்கும் வாயிலோன் உள்ளே இருக்கின்றான். வண்டி வந்தமையை அவனுக்குக் கூவி அறிவிக்கும் ஏவலனே இன்சுலின். கணையம் என்னும் உறுப்பு அவ்வேவலனை அனுப்புகின்றது. ஏவலன் ஒருமுறை குரல் கொடுத்தவுடன் கதவு திறக்க, வண்டி உட்செல்லும்; சாலையும் நெரிசலின்றி ஒழியும்.

ஒருகால் அவ்வாயிலோன் செவி மந்தமாயிற்றென்று கொள்வோம். ஒருவன் கூவினாற் கேளான். அதனாற் கணையம் ஒருவனுக்குப் பதிலாகப் பதின்மரை ஏவுகின்றது. பதின்மரும் ஒருங்கே கூவ, கதவு திறக்கின்றது, வண்டியும் உட்செல்கின்றது. சாலையைப் பார்ப்பார்க்குக் குறையொன்றும் தோன்றாது; குருதியிற் சர்க்கரையை அளந்தால் அளவு சரியாகவே இருக்கும். ஆயின், அவ்வொழுங்கை நிலைநிறுத்தக் கணையம் பன்மடங்கு உழைக்கின்றது. இந்நிலையையே மருத்துவர் 'இன்சுலின் எதிர்ப்பு' என்பர். இன்சுலினுக்கு உடம்பு எளிதில் இணங்காமை என்று நாம் கூறலாம். ஆண்டுகள் பல கழியக் கணையம் களைத்துப்போகுமாயின், வண்டிகள் சாலையிலேயே தேங்கும். அதுவே நீரிழிவு.

அற்றேல், இதற்கும் சினைப்பைக்கும் என்ன தொடர்பு எனின், கூறுதும். தசையின் வாயிலோன் செவிடனாயினும் பக்கத்து வீட்டார் செவிடரல்லர். பதின்மர் கூவும் பேரொலி அவர் காதில் முழுவதும் விழுகின்றது. சினைப்பையே அப்பக்கத்து வீடு. தனக்கென எழாத அக்கூச்சலைத் தனக்கிட்ட கட்டளையாகக் கொண்டு, அஃது ஆண்மைச் சுரப்பை அளவிறந்து உண்டாக்குகின்றது. பெண்ணுடம்பிலும் அச்சுரப்புச் சிறிதளவு இருத்தல் இயற்கையே, மிகுதலே கேடு. மேலும், அச்சுரப்பைக் கட்டிவைக்கும் புரதமொன்றைக் கல்லீரல் ஆக்குகின்றது. இன்சுலின் மிகுந்தால் அப்புரதம் குறைகின்றது. கட்டுக் குறையக் கட்டவிழ்ந்த சுரப்பு உடலெங்கும் திரிகின்றது. அதன் பயனாகவே நுண்பைகள் முதிராது நிற்கின்றன, முட்டை வெளிப்படுவதில்லை, மாதவிலக்குத் தவறுகின்றது, முகத்தில் மயிர் முளைக்கின்றது.

கொழுப்பைச் சேர்த்துவைக்கும் களஞ்சியமும் அக்கூச்சலைக் கேட்கின்றது. 'சேமித்து வை, வெளிவிடாதே' என்பதே இன்சுலின் அதற்கு இடும் கட்டளை. ஆதலின், வயிற்றைச் சூழக் கொழுப்புப் பெருகுகின்றது. மிகுந்த ஆண்மைச் சுரப்பும் அவ்விடத்தையே நாடிக் கொழுப்பைச் சேர்க்கத் துணை செய்கின்றது. அவ்வாறு பெருகிய வயிற்றுக் கொழுப்போ வாயிலோன் செவியை இன்னும் மந்தமாக்குகின்றது. செவி மந்தமாகக் கூச்சல் மிகுகின்றது; கூச்சல் மிகக் கொழுப்பு வளர்கின்றது. இங்ஙனம் நோய் பருமனை வளர்க்கப் பருமன் நோயை வளர்க்கும். செக்கு மாடு சுற்றுவதுபோல் முடிவில்லாத சுழற்சி இது.

பருமனே இந்நோய்க்கு ஒரே காரணம் என்பாருமுளர். அது பொருந்தாது. 1989 இல் ஆண்ட்ரியா டுனாய்ப் என்னும் அமெரிக்க மருத்துவ அம்மையாரும் அவர்தம் துணைவரும், இந்நோயுடைய பெண்களை அவரோடொத்த உடலமைப்புள்ள நலமுடைய பெண்களோடு ஒப்பிட்டு நோக்கினர். மெலிந்தவராயினும் பருத்தவராயினும், இந்நோயுடையாரிடத்தே இன்சுலினுக்கு இணங்காமை மிகுந்திருந்தது. எனவே, நோய் தானே ஒரு காரணம். பருமன் அதன்மேற் சேரும் மற்றொரு காரணம். மெலிந்த பெண்ணிடத்தும் இந்நோய் இருக்கலாம். பருத்த பெண்கள் எல்லார்க்கும் இருப்பதில்லை. தாய்க்கோ உடன்பிறந்தாட்கோ இருப்பின் தனக்கும் வருதல் கூடும். ஆகலின் குடிவழியும் இதன்கட் பங்குடையது.

நம் நாட்டார் உடலமைப்புக்கு உரியதொரு தன்மையும் ஈண்டு அறியத்தக்கது. புனே நகரத்து மருத்துவர் யாஜ்ஞிக்கும் ஆங்கில நாட்டு மருத்துவர் யுட்கினும் தம் உடம்பையே அளந்து 2004 இல் ஒரு குறிப்பு வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு இருவர்க்கும் ஒன்றே, 22.3. ஆயின் உடம்பிலுள்ள கொழுப்போ யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்ஞிக்குக்கு 21.2. காண்பார்க்கு மெலிந்தவராய்த் தோன்றும் இந்தியர் உள்ளே கொழுப்பு மிகுந்தவராய் இருத்தல் கூடும் என்பது இதனாற் பெறப்படும். இதுபற்றியே 2009 இல் நம் நாட்டு மருத்துவர் கூடி, அக்குறியீடு 23 ஆனால் மிகையெடை, 25 ஆனால் பருமன் எனவும், மகளிர்க்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைக் கடத்தலாகாது எனவும் வரையறுத்தனர். மேனாட்டார்க்கு அவ்வெல்லைகள் 25, 30 ஆகும். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு நம் கணக்கில் ஏறக்குறைய 60 கிலோவிலேயே பருமன் தொடங்குகின்றது. மேனாட்டுக் கணக்கிலோ 72 கிலோவில்தான் தொடங்கும். 2023 இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக அறிக்கையின்படி, இந்நாட்டில் நீரிழிவுடையோர் 10.1 கோடியர், நெல்லிக்குப்பத்துக்கு அணித்தாய புதுச்சேரியில் முதிர்ந்தோருள் நூற்றுக்கு 26 பேர் அந்நோயுடையோர். சினைப்பை நோயுடைய பெண் அந்நீரிழிவுக்கு இளமையிலேயே அண்மையளாதலின், அவளைப் பேணுதல் இருமடங்கு கடமையாகின்றது.

இத்துணையும் கூறியது எதன்பொருட்டு? நம் வீடுகளில் இந்நோயுற்ற பெண் கேட்கும் சொற்களை நினைமின். சிறுமியாய் இருந்தபோது 'பூசினாற்போல் இருக்கிறாள்' என்று மகிழ்ந்தவரே, பின்னர் 'வாயைக் கட்டு' என்று கடிகின்றனர். மாதவிலக்குத் தவறினால், 'கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும்' என்று மூடி மறைக்கின்றனர். மணமாகி ஆண்டிரண்டு கழிந்தும் மகவு இல்லையாயின், நேற்றுவரை மறைக்கப்பட்டது இன்று அவள் தலைமேற் பழியாய் விழுகின்றது. அவள் பட்டினி கிடந்தும் எடை குறையாதது அவள் உறுதியின்மையால் அன்று. உள்ளே பதின்மர் ஓயாது 'சேமித்து வை' என்று கூவுதலாலேயாம். கூச்சலை அடக்க வழி தேடாது அவளைக் கடிதல், ஆலை வாயில் அடைத்துக் கிடக்க வண்டிமாட்டை அடித்தலை ஒக்கும். பலநாட்டு அறிஞர் கூடி 2023 இல் வெளியிட்ட நெறிமுறையும், எடைபற்றி இழித்துரைத்தல் நோயாளியை மருத்துவரிடமிருந்து விலக்கிவிடும் என்று எச்சரிக்கின்றது. மனச்சோர்வும் அச்சமும் இந்நோயுடையாரிடத்து மிகுதி என்பதும் அதன்கட் கூறப்பட்டுள்ளது.

பருமன் அவள் குற்றமன்று எனின், வாளா இருத்தலே தக்கதோ எனின், அன்று. செய்யத்தக்கன பலவுள. அவற்றுள் தலையாயது உடலுழைப்பு. ஏவலன் குரலின்றியே ஆலைக்குட் செல்லப் பக்கவாயிலொன்று உண்டு. தசை சுருங்கி விரிந்து வேலை செய்யுங்கால் அப்பக்கவாயில் தானே திறந்து சர்க்கரையை ஏற்றுக்கொள்கின்றது. கூவ வேண்டிய தேவை குறையவே கூச்சலும் தணிகின்றது. விரைந்த நடை நாளொன்றுக்கு அரைமணி நேரமாக வாரத்தில் ஐந்து நாள் இருப்பினும் நன்மை உண்டு. கடலூர் வெள்ளிக்கடற்கரையில் மாலையில் நடத்தலும், பள்ளிக்கு மிதிவண்டியிற் செல்லுதலும் இத்தகையனவே. பூப்பெய்தியவுடன் விளையாட்டை நிறுத்தி வீட்டினுள் இருத்தும் வழக்கம் ஒழிதல் இதுபற்றியே இன்றியமையாததாகின்றது.

எடை உடனே குறையவில்லையே என்று மனந்தளர வேண்டா. முன்னர்க் கூறிய அனந்தப்பூரிலேயே இந்நோயுடைய மாணவியர் 90 பேர் இரு கூறாக்கப்பட்டு, ஒரு கூற்றார் யோகமும் மற்றொரு கூற்றார் வழக்கமான உடற்பயிற்சியும் பன்னிரண்டு வாரம் பயின்றனர். யோகம் பயின்றாரிடத்து, எடையின் மாற்றத்தைச் சாராமலே இன்சுலினுக்கு இணங்கும் தன்மை மிகுதியும் சீர்ப்பட்டது. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரனும் அவர் குழுவினரும், நீரிழிவின் வாயிலில் நின்ற ஆடவரும் பெண்டிருமாகிய 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்து 2006 இல் அறிக்கை வெளியிட்டனர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டாருள் நீரிழிவு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 28 பங்கு குறைந்தது. அவர்கள் சினைப்பை நோயை முன்னிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவரல்லர். ஆயினும் வாயிலோன் செவி மந்தமாதல் இருசாரார்க்கும் பொதுவாதலின், அப்பயன் ஈண்டும் கொள்ளத்தக்கது. எடை மிகுந்தார்க்கோ, பேரளவிற் குறைக்கவேண்டும் என்பதும் இல்லை. 80 கிலோ எடையுடையாள் 4 முதல் 8 கிலோ வரை குறைப்பினும், பலரிடத்து மாதவிலக்கு ஒழுங்குபடக் காணலாம்.

உணவைப்பற்றிச் சில சொல்லுவாம். திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன்கண் மருந்துகளின் பெயரை அடுக்காது உண்ணும் அளவையும் வேளையையுமே பெரிதும் பேசினார். இந்நோய்க்கு அது முற்றும் பொருந்தும். இன்ன உணவே சிறந்தது என்று அறிஞர் ஒன்றனை மட்டும் துணியவில்லை. அளவும் தொடர்ச்சியுமே வேண்டற்பாலன. தட்டு நிறையச் சோறும் ஓரத்திற் கறியுமாக உண்பதை மாற்றிக் கீரையும் காயும் பருப்பும் மிகுத்துச் சோற்றைக் குறைத்தல் எளிய வழி. கேழ்வரகு, சாமை, வரகு முதலியவற்றையும் அளவோடு கொள்ளலாம். பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களி ஊட்டும் பழக்கத்தை நாம் இகழ்கின்றோமல்லேம், உளுந்து நல்லுணவே, வெல்லமும் நெய்யும் அளவு மீறுதலே வேண்டாதது. கருப்பஞ்சாறும் பண்ணுருட்டிப் பலாச்சுளையும் நம் மண்ணின் இனிமைகள். அவற்றை நஞ்செனத் துறத்தல் வேண்டா, நாடோறும் விருந்தாக்கிக்கொள்ளலும் வேண்டா. நாளும் பலமுறை பருகும் தேநீரிற் சேரும் சர்க்கரையே கண்ணுக்குத் தெரியாது மிகுவது. கரும்பும் ஆலையும் குற்றமுடையன அல்ல. இந்நோய் கரும்பே விளையாத நாடுகளிலும் உண்டு.

மருந்துகளும் உள. வாயிலோன் செவியைச் சற்றுக் கூர்மையாக்கும் மெட்பார்மின் என்பது நீரிழிவுக்கு வழங்கி வந்த மருந்து. 1994 இல் வெனிசுவேலா நாட்டு மருத்துவர் அதனை இந்நோயுடையார்க்குத் தந்து பயன் கண்டனர். மாதவிலக்கை ஒழுங்குபடுத்தவும், மகப்பேறு வேண்டுவார்க்கு முட்டையை முதிர்விக்கவும் வேறு மருந்துகள் தனித்தனியே உள்ளன. இவற்றை மருத்துவர் ஆய்ந்து தரக் கொள்ளல் வேண்டுமேயன்றி, அயலாள் உண்டாள் என்று தாமே வாங்கி உண்ணலாகாது. மாதவிலக்கு நெடுநாள் வாராதிருத்தலை நன்மையென எண்ணி விடுதலும் தவறு. கருப்பையின் உட்படலம் கழியாது தடித்துப் பிற்காலத்திற் புற்றுநோய்க்கும் இடந்தரும். கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனையும், சிதம்பரத்தில் 1985 இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் அரசினர் ஏற்ற மருத்துவக் கல்லூரியும் இம்மாவட்டத்தார்க்கு அண்மையிலேயே உள்ளன. ஆதலின் தொலைவு தடையன்று, நாணமே தடை.

அந்நாணத்தைப்பற்றி ஒன்று கூறி முடிப்பாம். மாற்கு எழுதிய சுவிசேஷத்தில், பன்னிரண்டு ஆண்டு பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணொருத்தியின் வரலாறு வருகின்றது. தன் பொருளையெல்லாம் மருத்துவர்க்குச் செலவிட்டும் நலம் பெறாத அவள், முன்னே வந்து சொல்ல நாணிக் கூட்டத்தினூடே பின்னே வந்து ஆண்டவரின் ஆடையைத் தொட்டாள். அவர் அவளைக் கடிந்தாரல்லர். மகள் என்று அழைத்தார். அவள் தன் நோயை வாய்விட்டுச் சொல்லுமாறு யாவர் முன்னும் அவளுக்கு இடமளித்தார். நலம்பெறுதல் வேறு, நாணம் நீங்கப்பெறுதல் வேறு. அவள் இரண்டனையும் ஒருங்கே பெற்றாள்.

நம் காலத்து மருத்துவம் முதலாவதனுக்கு வழி கண்டுளது. இரண்டாவது நம் கையில் உள்ளது. அன்னையர் தம் பெண்மக்களின் மாதவிலக்கு நாளை அஞ்சாது கேட்டறிந்து குறித்துவைப்பாராக. தந்தையரும் தமையரும் இதனைப் பெண்டிர் செய்தி என்று ஒதுக்காது மருத்துவரிடம் உடன் செல்வாராக. கல்லூரி விடுதிகளில் மாலைநேர விளையாட்டு மாணவியர்க்கும் தடையின்றி நடப்பதாக. நாமும் நம் தோழியர் உடம்பைக் குறித்து நகையாடுதலை இன்றே ஒழிப்போமாக. இவை பொருட்செலவில்லாதவை, செய்யின் ஒரு தலைமுறைப் பெண்கள் நீரிழிவினின்றும் பழியினின்றும் காக்கப்படுவர் என்பது நம் துணிபு.